முன்னாள் படைவீரர்களும் கடலடித் தொல்லியலும்

பசிபிக் பெருங்கடலிலுள்ள சைபான் தீவை ஒட்டிய கடலில், இரண்டாம் உலகப்போரின்போது 1944இல் அமெரிக்காவும் ஜப்பானும் அங்கே மோதிய போரின் டாங்கிகளும் விமானங்களும் தரையிறங்கு படகுகளும் இன்னமும் கிடக்கின்றன. அங்கே காணாமற்போன அமெரிக்க விமானிகளைத் தேடும் பணியில் கிழக்கு கரோலினா பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் முன்னாள் படைவீரர்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதைப் பாராட்டுவோர் பெரும்பாலும் அவ்வீரர்களின் மனக்காயத்துக்கு இது மருந்து என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். மருந்தாகவும் இருக்கட்டும், மறுப்பில்லை. ஆனால் அதையே முதற்காரணமாகச் சொல்வது அவர்களைத் தேர்ந்த பணியாளர்களாகப் பார்க்காமல் நோயாளிகளாகப் பார்ப்பதாகும்.

வேலை அப்படி எளிதானதன்று. கடலடி மணலைக் குழாயால் உறிஞ்சிக் கூடைகளில் நிரப்பி, மேலே கொண்டுவந்து சல்லடையில் கழுவி, கையளவு பவளத் துண்டுகளுக்கு நடுவே ஒரு பல்லையோ பொத்தானையோ அடையாளத் தகட்டையோ தேட வேண்டும். வெடிக்காத குண்டு கிடக்கக்கூடிய இடத்தில் நிதானம் தவறாமல் முக்குளிப்பதற்குப் படைப் பயிற்சி எவ்வளவு கைகொடுக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

குடும்பங்களின் நிலைதான் எனக்கு உறுத்துகிறது. போர்களில் காணாமற்போய் அமெரிக்கா இன்னும் தேடிவரும் தன் 81,000க்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழ பாதிப் பேர் கடலில் மறைந்தவர்கள். கிடைத்த எலும்பு யாருடையது என்றறிய, தாய்வழியாக மட்டுமே தொடரும் மரபணுவை ஒப்பிடுவதால், இறந்தவரின் அக்காள் மகளையோ அவள் பிள்ளைகளையோ தேடிப் போகிறார்கள். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சை ஒற்றி எடுத்துச் சென்ற பிறகு, முடிவு வரும்வரை அக்குடும்பம் காத்திருக்க வேண்டியதுதான். அவர்களிடமுள்ள கடிதங்களையும் படங்களையும் முதலிலேயே கேட்டு வாங்கலாம். அதைவிட முக்கியமாக, எடுப்பதா, அங்கேயே விடுவதா என்றும் கேட்கலாம்.

ஏனெனில் எல்லோரும் எடுக்கச் சொல்வதில்லை. 1941இல் ஜப்பானியத் தாக்குதலால் ஹவாயின் பேர்ல் துறைமுகத்தில் மூழ்கிய அமெரிக்கப் போர்க்கப்பலான அரிசோனாவில் இறந்த 1,177 பேரில் 900க்கும் மேற்பட்டோர் இன்னும் அதற்குள்ளேயே இருக்கிறார்கள். உயிர்தப்பியவர்களில் 40க்கும் மேற்பட்டோர் பின்னாளில் காலமானபோது, தங்கள் சாம்பலும் அங்கேயே சேர வேண்டும் என்று விரும்பினார்கள். 1982 முதல் 2019 வரை, குடும்பத்தார் கொடுத்த கலசத்தை முக்குளிப்பவர்கள் நான்காம் பீரங்கிக் கோபுரத்தின் அடித்தளத்தில் வைத்துவந்தார்கள். வெறும் தொல்லியல் விதிப்படி பார்த்தால் சிதைவுக்குள் புதிதாக ஒன்றை வைப்பது கூடாத செயல். இங்கே அந்த விதி விட்டுக்கொடுத்திருக்கிறது, அதுவே சரியென்பேன்.

சைபானில் இன்னொரு கேள்வியும் உண்டு. அந்தப் போரில் ஜப்பானியரும் கொரியரும், தீவின் சொந்த மக்களான சமோரோக்களும் கரோலினியரும் மாண்டார்கள். விமானியின் குடும்பத்தைக் கேட்பவர்கள், அந்தக் கடலிலேயே இன்றும் மீன்பிடிப்பவர்களின் குடும்பங்களையும் கேட்டாக வேண்டும்.