ஏப்ரலில் விதியைத் தளர்த்தினால் ஜனவரியில் பணம் கட்டியவர்கள் எங்கே போவது?

கல்விச் சீர்திருத்தம் என்று கர்நாடக அரசு வாயெடுத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. சீர்திருத்தமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரசு சொன்னதை நம்பி நடந்தவர்கள் தலையில்தான் ஒவ்வொரு முறையும் விடிகிறது. அதுதான் தாங்கவில்லை.

ஒன்றாம் வகுப்பில் சேர ஜூன் 1-ஆம் தேதி ஆறு வயது முடிந்திருக்க வேண்டும் என்று 2022-இல் உத்தரவு போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், 2025-26 முதல்தான் அமல் என்று தள்ளிவைத்தார்கள். சரி, நாங்களும் அதை வைத்தே கணக்குப் போட்டோம். என் மகன் 2019 ஆகஸ்டில் பிறந்தவன். இரண்டு மாதச் சொச்சம் குறைகிறது. இன்னொரு வருஷம் யூ.கே.ஜி.தான் என்று பள்ளியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பெங்களூரில் அட்மிஷனுக்குக் கடைசி நேரம் வரை காத்திருக்க முடியுமா? ஜனவரியிலேயே யூ.கே.ஜி.க்குப் பணத்தைக் கட்டினோம்.

2025 ஏப்ரல் 16-ஆம் தேதி பள்ளிக் கல்வி அமைச்சர் மது பங்காரப்பா அறிவிக்கிறார்: இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் ஐந்து வயது ஐந்து மாதம் ஆகியிருந்தால் போதுமாம், யூ.கே.ஜி. முடித்திருக்க வேண்டுமாம். அடுத்த வருஷம் மறுபடி ஆறு வயதாம்.

பள்ளிக்கு ஓடினேன். ஒன்றாம் வகுப்பில் இடமில்லை, கட்டிய பணமும் திரும்ப வராது என்றார்கள். கல்வி அலுவலகத்துக்குப் போனால், தனியார் பள்ளி விஷயம், நிர்வாகத்திடமே பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். எங்கள் தெருவில் அதே மாதம் பிறந்த பையன் இப்போது ஒன்றாம் வகுப்பு. அவன் அப்பா இந்த விதி நிலைக்காது என்று பணம் கட்டாமல் இருந்தார். நாங்கள் நம்பிக் கட்டினோம். என் பிள்ளை போன வருஷம் வண்ணம் தீட்டிய அதே யானைக்கு இந்த வருஷமும் வண்ணம் தீட்டுகிறான். 'ஆ - ஆனெ' என்று பக்கத்தைத் திருப்பும் முன்பே சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த ஒரு வருஷத்தை யார் திருப்பித் தருவார்கள்?

2024 மார்ச்சில் 5, 8, 9-ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று ஆரம்பித்து, பாதியில் கோர்ட்டு நிறுத்தி, மறுபடி நடத்தி, கடைசியில் முடிவை வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை போட்ட கூத்தையும் பார்த்தோம். பத்து வயதுப் பிள்ளைகளை வைத்தா இந்த வேலை?

அப்புறம் நிர்வாகச் சீரமைப்பு. 2022-இல் எஸ்.எஸ்.எல்.சி., பி.யூ.சி. (11, 12-ஆம் வகுப்பு) தேர்வுகளை ஒரே வாரியத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். 2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சியையே ஐந்தாகப் பிரித்தார்கள். ஆனால் நாலு வயதுப் பிள்ளை அங்கன்வாடிக்குப் போனால் பெண்கள், குழந்தைகள் நலத்துறை, அரசுப் பள்ளி எல்.கே.ஜி.க்குப் போனால் கல்வித்துறை. முதலில் சேர்க்க வேண்டியது இதையல்லவா?

சுகதேவ் தோரட் தலைமையிலான மாநிலக் கல்விக் கொள்கை ஆணையம் 2025 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்துவிட்டது. இரண்டு வருஷம் மழலையர் கல்வி, எட்டு வருஷம் தொடக்கக் கல்வி, நாலு வருஷம் மேல்நிலை என்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை கன்னடத்திலோ தாய்மொழியிலோ பாடம் என்கிறது. தாய்மொழி என்று படித்ததும் பெங்களூரின் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இருக்கும் நம் தமிழர்களுக்குச் சந்தோஷம்தான். தமிழ் டீச்சரை யார் போடுவார்கள், எந்த வருஷம் போடுவார்கள்? அதை முதலில் சொல்லுங்கள்.

வயதோ, மொழியோ, தேர்வோ, எதை மாற்றுவதானாலும் முந்தைய வருஷம் செப்டம்பருக்குள் உத்தரவு வந்துவிட வேண்டும். அதற்கு மேல் தளர்த்தினால், கட்டிய பணத்தைப் பள்ளி திருப்பித் தர வேண்டும், தகுதியுள்ள பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பில் இடம் தர வேண்டும் என்று அதே உத்தரவில் எழுதுங்கள். எழுத முடியாதென்றால் ஏப்ரலில் மைக்கைப் பிடிக்காதீர்கள்.