கூலி இல்லாத நாட்கள்
மலைப்பகுதி உணவகங்களில் சீசன் வேலைக்குப் போனால் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், ஆகவே சம்பளம் முழுவதும் மிச்சம் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏலகிரிக்குக் கோடையில் கூட்டம் வரும். ஆனால் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் பீமன் அருவிக்கு வருகிறவர்களை நம்பி நடந்த உணவகத்தில் நான் சமையல் உதவியாளராக இருந்தபோது, அருவியில் நீர் பெருகும் மழைக்காலமே எங்களுக்குச் சீசனாக இருந்தது. அதே மழை வலுத்துவிட்டால் போளூரிலிருந்து ஏறும் பாதையில் மரம் விழுந்து காய்கறியும் வராது, பயணிகளும் வரமாட்டார்கள், அந்த நாட்களுக்குக் கூலியும் கிடையாது. வேலூரில் ஒரு கடை மூடினால் அடுத்த கடையில் கேட்கலாம். மலையில் அந்த வழியே இல்லை. கடை திறக்காத நாளுக்குப் பாதிக் கூலியாவது உண்டா என்பதை மலையேறும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுமாறு இளைஞர்களுக்குக் கட்டுரையாளர் அவசியம் சொல்லியிருக்க வேண்டும்.