புக்கு ஒரு பக்கம், லேத்து ஒரு பக்கம்

நேத்து சாயங்காலம் எங்க மதுரை பக்கத்து கப்பலூர் டீக்கடையில ஒரே ரகளை. ஒருத்தரு, "இரும்பு கடையிற லேத்து மிஷினுக்கு பொட்டு வச்சு கும்புடுற ஊர்ல எவன்யா புதுசா கண்டுபிடிப்பான், வெள்ளக்காரன் சாமிய விட்டான், ராக்கெட் விட்டான்"ங்குறாரு. இன்னொருத்தரு, "ராக்கெட்லாம் நம்ம முன்னோர் அப்பவே விட்டுட்டாங்கய்யா"ங்குறாரு. ரெண்டு பேருக்கும் வடை காசு நாந்தான் குடுத்தேன், அதனால ரெண்டு பேரையும் வைய்ய எனக்கு பாத்தியதை இருக்கு.

வெள்ளக்காரன் சாமிய விட்டான்ங்குறது பாதிக்கு மேல ரீலு. பட்டாணிச் செடிய வளத்து எண்ணி எண்ணி மரபியலுக்கு அஸ்திவாரம் போட்ட மெண்டல் ஒரு மடத்துச் சாமியாரு. பிரபஞ்சம் ஒரு சின்ன புள்ளியில இருந்து விரிஞ்சதுன்னு சொன்ன லெமைத்ர் கத்தோலிக்க பாதிரியாரு. அதே சபைதான் 1633ல கலிலியோவ மண்டி போட வச்சு, பூமி சூரியன சுத்துதுன்னு சொன்னத வாபஸ் வாங்க வச்சுச்சு. முஸ்லிம் பக்கம் பாத்தா, கம்ப்யூட்டர்காரங்க சொல்ற அல்காரிதம்ங்குற வார்த்தையே பாக்தாத்துல கணக்கு எழுதுன அல் குவாரிஸ்மி பேருல இருந்து வந்ததுதான், ஆனா இஸ்தான்புல்ல துருக்கி மொழியில புத்தகம் அச்சடிச்சு வெளிய வர 1729 ஆச்சு. அதே ஊர்ல யூதர்கள் 1493லயே அச்சுக்கூடம் வச்சிருந்தாங்க. மிஷினு பக்கத்து தெருவுல இருக்கு, முஸ்லிம் ஆளுங்க கைக்கு அது வர்றதுக்குள்ள இருநூறு வருசம் போயிருச்சு.

எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல் அப்துஸ் சலாம் கதைதான். பாகிஸ்தான்காரர், தொழுகைய விடாதவரு, 1979ல பிசிக்ஸ்ல நோபல். அவரு அகமதியாங்குற பிரிவு, 1974லயே அந்த நாட்டுச் சட்டம் அகமதியாக்கள முஸ்லிம் இல்லன்னு சொல்லிருச்சு. செத்தப்பறம் கல்லறையில இருந்த 'முஸ்லிம்'ங்குற வார்த்தையவும் அழிச்சுவிட்டாங்க. அந்த மனுசனோட பக்தி ஒரு நாளும் அவர் பிசிக்ஸுக்கு குறுக்க வரல, குறுக்க வந்தது எவன் உள்ள எவன் வெளியன்னு கோடு போடுறவன்தான்.

2015ல பெனபூன்னு ஒரு பொருளாதாரக்காரரும் கூட ரெண்டு பேரும் ஆராய்ஞ்சு, பக்தி கூடுன நாடுகள்ல புதுக் கண்டுபிடிப்புக்கு வாங்குற பேட்டன்ட், ஆளுக்கு இத்தனைன்ற கணக்கு கம்மியா இருக்குன்னு எழுதுனாங்க. சரி, இருக்கட்டும். ஆனா 2009ல பெக்கர், வோஸ்மன்னு ரெண்டு ஜெர்மன்காரங்க எழுதுனதுதான் எனக்கு உறைச்சுச்சு. கத்தோலிக்க சபைய எதுத்துப் பிரிஞ்ச லூதரோட சபை இருந்த பக்கம் ஏன் முன்னேறுச்சுன்னா அவைங்க சாமி ஒசத்திங்குறதால இல்ல, பைபிள அவனவனே படிக்கணும்னு லூதர் சொல்லப்போய் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வந்துச்சு, பொம்பளப் புள்ளைகளும் படிச்சுச்சுங்க, அந்தப் படிப்பு பின்னால எல்லாத்துக்கும் ஒதவுச்சு, அவ்வளவுதான்.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். தமிழ் எழுத்து அச்சுல ஏறுனது 1578, கொல்லத்துல. துருக்கிக்காரன விட நூத்தம்பது வருசம் முன்னாடி! ஆனா யாரு கையில போச்சு அந்த புத்தகம்? மீனாட்சி கோயிலுக்குள்ள எல்லாரும் போகலாம்னு ஆனதே 1939 ஜூலை 8ந் தேதி, அதுவரைக்கும் உள்ள விடாத சாதிக்காரங்கள வைத்தியநாத ஐயர் கூட்டிட்டுப் போயி. உழுதவனும் இரும்பு அடிச்சவனும் ஏடு தொடக்கூடாது, ஏடு படிச்சவன் இரும்பு தொட்டா தீட்டு. காமராசர் ஊரூரா பள்ளிக்கூடம் தொறந்து அத ஒடச்சாரு, ஆனா கோடு இன்னும் அழியல, இப்ப அது வேற வேசத்துல இருக்கு.

எங்க பட்டறையிலயே காட்டுறேன். லேத்து ஓட்டுற எங்க டர்னர் அண்ணே எட்டாப்பு பெயிலு. போன வருசம் புஷ்னு, நடுவுல ஓட்டை உள்ள குட்டிக் குழாய் சாமானுக்கு ஆர்டர் ஒண்ணு வந்துச்சு, உள் ஓட்டை பினிஷ் பண்ணுனப்பறம் வெளிப்பக்கத்த கடையணும், ஒவ்வொண்ணா லேத்தோட பிடியான சக்குல மாட்டி டயல் வச்சு சென்டர் பாத்தே பாதி நாள் போயிரும். மனுசன் மூணு மாசம் மண்டைய ஒடச்சு, பழைய லாரி ஆக்சில் துண்ட டேப்பரா, ஒரு பக்கம் சிறுத்து வர்ற மாதிரி கடைஞ்சு, அதுக்கு மேல வாள் போட்டு கீறுன ஒரு குழாய மாட்டி, நட்ட இறுக்குனா குழாய் விரிஞ்சு புஷ்ஷ உள்ள இருந்து தானா சென்டர்ல புடிக்கிற மாதிரி ஒரு சாமான் செஞ்சாரு. நாங்க வாயப் பொளந்துட்டோம்.

இந்த மாசம் டிரெயினிங்குக்கு ஒரு இன்ஜினியரிங் காலேஜ் பையன் வந்தான். அதப் பாத்துட்டு, "அண்ணே, இது எக்ஸ்பாண்டிங் மேண்ட்ரல், வைவாங்குற வாய்ப் பரீட்சையில கேட்டாங்க, நான் டெபினிஷன் சொன்னேன்"ங்குறான். சொன்னவன் அன்னிக்குத்தான் அத மொத மொதல்ல கண்ணால பாக்குறான். செஞ்சவருக்கு அது புத்தகத்துல எப்பவோ இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரியுது. அவரு மூஞ்சி போன போக்க பாக்கணுமே, பாவமா இருந்துச்சு.

நாம ஆராய்ச்சிக்கு ஜிடிபில ஒரு சதவீதம்கூட செலவழிக்கல, தென் கொரியாக்காரன் அஞ்சு சதவீதத்த தொடுறான், எல்லாம் வாஸ்தவம். ஆனா காசு மட்டும் வந்தா இந்த ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துருவாய்ங்களா?

உக்கார வச்ச ஆளும் நம்ம ஊர்லயே இருந்தாரு. அரவிந்தர் பக்தரான டாக்டர் வெங்கடசாமி, ரிட்டயர் ஆனப்பறம் 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்ச கண் ஆஸ்பத்திரிக்கு அவரு சாமி பேரத்தான் வச்சாரு. கிராமத்துப் பொண்ணுகளக் கூட்டியாந்து பயிற்சி குடுத்து ஆபரேசன் தியேட்டர்ல நிறுத்துனாங்க. பாரின்ல இருந்து யானை வெலைக்கு வந்த, கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ 1992ல இருந்து மதுரையிலயே செஞ்சு மலிவாக்குனாங்க. டீக்கடை ஆளுங்க ரெண்டு பேரும் இதுக்கு என்ன சொல்லுவாங்கன்னு தெரியல, பஸ்ஸு வந்துருச்சுன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

டர்னர் அண்ணே மறுநாளு அந்தப் பையன்கிட்ட, "தம்பி, அந்த புக்குல அடுத்த பக்கத்துல என்ன போட்ருக்கான்?"னு கேட்டாரு. புக்கு இங்கிலீசு. டீ டயத்துல அவன் செல்லுல பாத்து தமிழ்ல சொல்லச் சொல்ல இவரு சாக்பீஸால தரையில வரையிறாரு, நடுநடுவுல "இது ஓடாது தம்பி, டூலு அடிக்கும்"னு புக்கையே திருத்துறாரு. பையனுக்கு வெள்ளிக்கிழமையோட டிரெயினிங் முடியுது, இதுவரைக்கும் பதினேழு பக்கம் தாண்டியிருக்காங்க.