90 நாள் கணக்கு பட்டறைக்காரருக்கு மட்டும்தானா?

பெங்களூரு பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் சிலருக்கு நான் கணக்கு பார்க்கிறேன். வங்கியிலிருந்து 'எஸ்எம்ஏ' (தவணை தவறியதால் தனிக் கவனத்தில் வைத்த கணக்கு) என்று மெசேஜ் வந்தாலே கடன் வாராக்கடனாகிவிட்டது என்று பதறுகிறார்கள். இல்லை. தவணை தவறி 30 நாள் வரை எஸ்எம்ஏ-0, 60 வரை எஸ்எம்ஏ-1, 90 வரை எஸ்எம்ஏ-2. அதையும் தாண்டினால்தான் என்பிஏ, அதாவது வாராக்கடன். அதில் முதல் ஓராண்டு தரம் குறைந்த கடன், அப்புறம் சந்தேகக் கடன், தேறவே தேறாது என்றால் நட்டக் கடன்.

சிறுதொழில் கடன் ஒழுங்காக இருக்கும்வரை நட்டம் வந்தால் ஈடுகட்ட வங்கி 100 ரூபாய்க்கு 25 காசு ஒதுக்கிவைத்தால் போதும். தரம் குறைந்ததும் அது 15 ரூபாய். 85ஆம் நாள் மேனேஜர் ஏன் அவ்வளவு பாசமாகப் போன் செய்கிறார் என்பது இப்போது புரியும்.

இந்த நாள் கணக்கை இரக்கமில்லாதது என்று திட்டுபவர்களோடு நான் சேரமாட்டேன். ஆள் பார்த்து விட்டுக்கொடுத்த காலத்தில் பட்டறைக்காரரா பிழைத்தார்? பெரிய கம்பெனிகளுக்குத்தான் புதுக் கடன் கொடுத்துப் பழைய கடனை அடைத்ததாகக் காட்டினார்கள். ரகுராம் ராஜன் ஆளுநராக இருந்தபோது, 2015இல், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளின் ஏடுகளைத் துருவ ஆரம்பித்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. 2018 மார்ச்சில் மொத்த வாராக்கடன், வங்கிகள் கொடுத்த கடனில் 11 சதவீதத்தைத் தாண்டியது.

என் கோபம் வேறு. பட்டறைக்காரர் ஏன் தவணை தவறுகிறார்? சரக்கு வாங்கிய கம்பெனி 120 நாளாகியும் பணம் தராததால். 2006ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டப்படி 45 நாளுக்குள் தந்தாக வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல 3 மடங்கு கூட்டுவட்டி. போன மாதம் ஒரு பட்டறைக்கார அண்ணன் கணக்கு மென்பொருளான டேலியைத் திறந்து காட்டினார். வரவேண்டியது 14 லட்சம், கட்டவேண்டிய தவணை 62 ஆயிரம்.

"சமாதான் தளத்தில் புகார் போடலாமாண்ணா?" என்றேன். பாக்கி வராத சிறுதொழில்கள் புகார் செய்வதற்கான அரசு இணையதளம் அது.

"போடலாம் தம்பி. அடுத்த ஆர்டர் நீ தருவியா?"

இவர் கணக்கு என்பிஏ ஆனால், அதே வங்கியில் இவர் பெயரில் இருக்கும் வீட்டுக் கடனும் சேர்ந்து என்பிஏ. தவறிய தவணை, வட்டி பாக்கி முழுவதையும் கட்டினால்தான் மீளமுடியும். காசை நிறுத்திவைத்த கம்பெனியோ தன் வங்கியில் இன்னும் 'நல்ல' வாடிக்கையாளர்!

சிறுதொழில்களுக்கு 45 நாளுக்கு மேல் வைத்திருக்கும் பாக்கியைக் கம்பெனிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசுக்கு எழுதிக் கொடுக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தப் படிவத்தை வங்கிகள் கேட்டு வாங்கட்டும். பாக்கி நிற்கும் நாளை எண்ணி, அந்தக் கம்பெனியின் கடன் கணக்கிலும் ஒரு எஸ்எம்ஏ முத்திரை குத்தட்டும்.