காது கேளாதவரே வந்து பேசட்டும்

காது கேளாமை பற்றிப் பள்ளிகளில் விழிப்புணர்வு உரை நடத்த வேண்டும் என்ற கட்டுரையின் கருத்தை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் மருத்துவர் மட்டும் வந்து பேசிவிட்டுப் போனால் போதாது. காது கேளாத ஒருவரே சைகை மொழியில் பேசட்டும், கூடவே மொழிபெயர்ப்பாளர் இருக்கட்டும். பிள்ளைகள் தயங்காமல் கேள்வி கேட்பார்கள்.

அப்புறம், ஆசிரியர்களும் உட்கார்ந்து கேட்க வேண்டும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினால், உதட்டசைவை நம்பியிருக்கும் பிள்ளைக்கு அந்த வரி போய்விடும். முகம் தெரிந்தாலும் ‘ப’, ‘ம’ இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். செவிக்கருவி மாட்டினால் எல்லாம் சரியாகிவிடாது. வகுப்பு இரைச்சலையும் அது சேர்த்தே பெருக்கும்.

இயர்போன் பற்றியும் சொல்லுங்கள். அதிக சத்தத்தால், ஒலியை உணரும் உட்காதின் நுண்மயிர் செல்கள் அழிந்தால் மறுபடி வளராது. ஒரு நாளில் கேட்கும் சத்தம் 85 டெசிபலுக்கு (டெசிபல் என்பது ஒலி அளவின் அலகு) 8 மணி நேரம் என்றால், 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான் வரம்பு.