கோச் உயிரோடிருந்தபோதே வைத்த பெயர் அது

நியூயார்க்கின் முன்னாள் மேயர் எட் கோச் இறந்ததும் அனுதாபத்தில் அந்நகரின் குயின்ஸ்போரோ பாலத்தின் பெயரையே அழித்துவிட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், இரண்டுமே தவறு. அவர் காலமானது 2013 பிப்ரவரியில். பெயர் மாற்றத்தை அப்போதைய மேயர் புளூம்பெர்க் 2010 டிசம்பரில், கோச்சின் 86வது பிறந்தநாளையொட்டி அறிவித்தார், 2011இல் நகர சபையும் ஒப்புதல் கொடுத்தது, கோச் அதைக் கண்ணால் பார்த்து மகிழ்ந்தார்.

அப்புறம், பழைய பெயர் எங்கேயும் போகவில்லை. இன்றைய முழுப்பெயர் 'எட் கோச் குயின்ஸ்போரோ பாலம்'. 1909இல் திறந்த பாலம், நியூயார்க்கின் குயின்ஸ் பகுதிக்காரர்களுக்கு அந்தப் பழைய பெயர்மேல் பாசம் அதிகம், அங்கே எதிர்ப்பும் இருந்தது. அந்த எதிர்ப்பு நியாயம்தான் என்பேன், ஆனால் அதற்காக நடக்காததை எழுதக்கூடாது. பலர் இன்னமும் 59வது தெருப் பாலம் என்றுதான் சொல்கிறார்கள்.