சுருக்கத்தில் காணாமல் போன ஜாடி

போன வாரம் ஒரு தோழி போன் செய்தாள். "பையனுக்குப் பதினொரு வயசு ஆகப்போகுது. கிளாசிக்னு சொல்றாங்களே, அந்த மாதிரி பத்துப் புத்தகம் வாங்கிக் கொடுத்துரலாம்னு இருக்கேன். ஒரு லிஸ்ட் போட்டு அனுப்பு." சரி என்று உட்கார்ந்தேன். மூன்றாவது பெயரிலேயே கை நின்றுவிட்டது. இதே காரியத்தை இரண்டு வருடம் முன்பு என் அண்ணன் மகனுக்குச் செய்தேன். தப்பாகச் செய்தேன். எது தப்பு என்று புரியவே எனக்கு மாதக்கணக்கில் ஆனது. அதனால் லிஸ்ட்டுக்குப் பதில் இந்தப் பதிவு.

அவன் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஆங்கில வழிப் பள்ளி. தமிழில் வாய் ஓயாமல் பேசுவான், வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டுவான். ஆங்கிலம் சரளமாக வாசிப்பான், ஆனால் பரீட்சைக்கு வாசிக்கிற மாதிரி. புத்தகக் கண்காட்சியில் உலகப் புகழ்பெற்ற நாவல்களைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி, பத்துப் புத்தகம் ஒரே கட்டாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் அறுபது எழுபது பக்கம், பளபளவென்று அட்டை. வாங்கிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் பத்தையும் முடித்துவிட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"ராபின்சன் குரூசோ எப்படிடா இருந்துச்சு?"

"கப்பல் உடைஞ்சிரும் அத்தை. தீவுல இருப்பாரு. அப்புறம் கப்பல் வந்து கூட்டிட்டுப் போயிரும்."

அவன் மேல் குற்றமே இல்லை. அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். அதில் இருந்ததே அவ்வளவுதான்.

அன்று ராத்திரி டேனியல் டீஃபோ 1719-இல் எழுதிய முழு நாவலைத் தேடி எடுத்தேன். குரூசோ அந்தத் தீவில் இருந்தது இருபத்தெட்டு வருடத்துக்கும் மேல். அதில் ஒரு இடம். தானியத்தையும் மாவையும் வைக்க அவனுக்குப் பாத்திரம் வேண்டும். களிமண்ணைத் தோண்டி, பிசைந்து, வனைந்து பார்க்கிறான். சிலது தன் பாரம் தாங்காமல் சரிகிறது, சிலது வெயிலில் வெடிக்கிறது, சிலது தூக்கும்போதே உடைகிறது. ஏறக்குறைய இரண்டு மாத உழைப்பில் தேறியது அவலட்சணமான இரண்டே இரண்டு பெரிய மண் பாத்திரங்கள். அவற்றை ஜாடி என்று சொல்ல அவனுக்கே மனம் வரவில்லை. பிறகு ஒருநாள், சமைத்துவிட்டு அடுப்பைத் தணிக்கும்போது, உள்ளே கிடந்த ஓட்டுத்துண்டு ஒன்று கல் மாதிரி இறுகி, செங்கல் மாதிரி சிவந்திருப்பதைப் பார்க்கிறான். அப்போதுதான் சூளை போடுவது எப்படி என்று அவனுக்குப் பிடிபடுகிறது.

படகுக் கதை இதைவிடப் பெரிது. பிரம்மாண்டமான தேவதாரு மரம் ஒன்றை அடியில் வெட்டவே இருபது நாள். கிளை கழிக்கப் பதினான்கு நாள். வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு மாதம். உள்ளே குடைய இன்னும் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. இருபத்தாறு பேர் ஏறக்கூடிய படகு தயார். ஆனால் அதைத் தண்ணீருக்கு இழுத்துப்போக முடியவில்லை. செய்த இடத்திலேயே கிடக்கிறது.

சுருக்கப் பதிப்பில் ஜாடியும் இல்லை, இந்தப் படகும் இல்லை. அந்தக் கட்டில் இருந்த மற்றப் புத்தகங்களையும் எடுத்து ஒப்பிட்டேன். கதாபாத்திரம் தோற்கிற இடம், காத்திருக்கிற இடம், யோசித்துத் தடுமாறுகிற இடம் எல்லாம் போயிருந்தது. என்ன நடந்தது என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. கணக்கு ஒன்று தப்பானால் நோட்டுப் பக்கத்தையே கிழிக்கிற பிள்ளை அவன். அவனுக்கு வேண்டியிருந்தது அந்தக் கோணல் ஜாடிதான். அதைக் கழித்துவிட்ட புத்தகத்தை நானே காசு கொடுத்து வாங்கி அவன் கையில் கொடுத்திருக்கிறேன்.

முழுப் புத்தகத்தை அவனால் வாசிக்க முடியுமா? முடியாது. அந்தப் பழைய ஆங்கிலம் எனக்கே சில இடங்களில் இடறுகிறது. அதனால் ஆங்கிலப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். ராத்திரி எட்டரை மணி, அரை மணி நேரம். முதல் மூன்று நாள் உருண்டான், தண்ணீர் குடிக்கப் போனான், தலையணையை எண்ணினான். படகு இழுபடாத அன்று எழுந்து உட்கார்ந்தான். "கடல் பக்கத்துலயே மரம் பாத்திருக்கலாம்ல? வாய்க்கா வெட்டினா?" என்றான். குரூசோவும் வாய்க்கால் வெட்ட யோசிக்கிறான், பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டு விட்டுவிடுகிறான் என்று அடுத்த பத்தியைச் சொன்னேன். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் இன்றைக்கும் பாரதம் படிக்கிறார்கள், ஊர் உட்கார்ந்து கேட்கிறது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் பெரியத்தை சத்தம் போட்டு வாசிப்பாராம். அப்பாவுக்கு அப்போது ஆறேழு வயது. பக்கத்து வீட்டுப் பெண்கள் புளி ஆய்ந்துகொண்டே கேட்பார்களாம்.

'புதையல் தீவு' பிறந்த விதமும் இதுதான். 1881-இல் ஸ்காட்லாந்தில் ஒரு மழைக்கால விடுமுறை வீடு. அந்த நாவலை எழுதிய ஸ்டீவன்சனின் மனைவியுடைய மகன் லாயிடுக்குப் பதின்மூன்று வயது. வெளியே போக முடியாமல் படம் வரைந்துகொண்டிருந்த அந்தப் பையனோடு சேர்ந்து ஒரு தீவின் வரைபடம் உருவாகிறது. அந்த வரைபடத்திலிருந்து கதை. எழுத எழுத வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுகிறார். ஸ்டீவன்சனின் அப்பா உற்சாகத்தில், கதையில் வரும் பழைய கடற்கொள்ளையன் பில்லி போன்ஸின் பெட்டிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று தானே ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்கிறார். ஒரு பையன், ஒரு அப்பா, ஒரு தாத்தா சேர்ந்து கேட்டு வளர்ந்த கதை அது. அதைப் பையன் தனியாக அறைக்குள் உட்கார்ந்து முடித்துவிட்டு வர வேண்டும் என்று நாம் ஏன் எதிர்பார்க்கிறோம்?

அந்தக் கதையில் வரும் கொள்ளையன் லாங் ஜான் சில்வரை அண்ணன் மகனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கதையின் நாயகனான சிறுவன் ஜிம், ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒளிந்திருந்து சில்வரின் சதியைக் கேட்ட ராத்திரிக்குப் பிறகும் பிடித்தது. "அவரு கெட்டவருதான், ஆனா ஜிம்மை நல்லா பாத்துக்கிறாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒரு மனிதனைப் பிடித்துக்கொண்டே நம்பாமலும் இருக்க முடியும் என்பதை நான் பாடமாக எப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பேன்?

பையனுக்கு எந்தப் புத்தகம் என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் 'பொன்னியின் செல்வன்' என்போம். நானும் அதில் வளர்ந்தவள்தான். ஆனால் ஐந்து பாகத்தையும் பெட்டியோடு பிறந்தநாளுக்குக் கொடுத்தால் அது ஷோகேஸுக்குப் போய்விடும். ஆடிப்பெருக்கு அன்று முதல் இரண்டு அத்தியாயம் மட்டும் வாசித்துக் காட்டுங்கள். வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதும் அதே நாளில்தான். ஆழ்வார்க்கடியான் சண்டைக்கு நிற்கிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை அவனே கேட்பான்.

ஆனால் எங்கள் வீட்டில் எதிர்பாராமல் பிடித்துக்கொண்டது உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940-இல் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்து, 1942-இல் அவர் இறந்ததால் முடியாமலே நின்ற புத்தகம். இதைப் பன்னிரண்டு வயதுப் பையனுக்கா என்று அண்ணியே கேட்டாள். பெரியவர்கள் அதைத் தலைப்பாகை கட்டிய பண்டிதரின் புத்தகமாக நினைக்கிறோம். முதல் பகுதி முழுக்க ஒரு சிறுவனின் கதை. அரியலூர், குன்னம், கார்குடி என்று பையனின் தமிழ்ப் படிப்புக்காக ஒரு குடும்பமே ஊர் ஊராக இடம் மாறுகிறது. கையில் காசில்லை. அவனுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் தேடி அலைகிறார்கள். டியூஷனுக்கு ஓடியே களைத்துப்போன பையனுக்கு இது விநோதமாக இருந்தது. "படிக்கிறதுக்கு இவ்ளோ ஆசையா அத்தை?" என்றான், உண்மையான சந்தேகத்தோடு. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்றுக்கொண்டது ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் பையன் அதை விட்டுவிடுகிற இடம் வந்தபோது கோபமே வந்துவிட்டது. "ரெண்டையும் படிச்சா என்ன?" அன்றைக்கு அரை மணி நேரம் முழுக்க அந்த வாதம்தான். தாத்தா ஆசிரியர் கட்சி, பேரன் சங்கீதக் கட்சி.

அவன் கேட்ட இன்னொரு கேள்வி கஷ்டமானது. சாமிநாதையர் பிள்ளையவர்கள் வீட்டிலேயே ஏன் சாப்பிடவில்லை, சாப்பாட்டுக்கு ஏன் தனி ஏற்பாடு? சாதியைப் பற்றிச் சொல்லாமல் அதற்குப் பதில் இல்லை. சொன்னேன். உடைந்த அந்தக் கப்பலில் குரூசோ ஏறியதே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரத்தான் என்பதையும் சொன்னேன். அந்தச் சுருக்கப் பதிப்பில் அதுவும் இல்லை. பழைய புத்தகங்களில் இப்படிப்பட்டவை இருக்கும். அவற்றை வெட்டிச் சுத்தமாக்கிக் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தால் போதும், வெட்ட வேண்டியதில்லை.

பையன் புத்தகம், பெண் புத்தகம் என்று பிரிப்பதையும் விட்டுவிடுங்கள். ஒரு மலைச் சிறுமியின் கதையான 'ஹைடி'யை நான் தயங்கித்தான் எடுத்தேன். மலையிலிருந்து பிராங்பர்ட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட அந்தச் சிறுமி, ஊரில் இருக்கும் பார்வையற்ற பாட்டிக்காக மிருதுவான ரொட்டிகளை அலமாரியில் சேர்த்து வைக்கிறாள். அதைக் கண்டுபிடித்து எடுத்து வீசச் சொல்கிறார்கள். அன்று அவன் ஒன்றும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

தோழிக்கு இதையெல்லாம் சொல்லி, பத்து வேண்டாம், ஒன்று வாங்கு, அதுவும் நீ திரும்ப வாசிக்க ஆசைப்படுகிற ஒன்று என்றேன். தமிழில் வாங்குவதானால் கடையிலேயே நின்று ஒரு பக்கம் வாய்விட்டு வாசித்துப் பார். நாக்கு தடுக்கினால் மொழிபெயர்ப்பு சரியில்லை, வைத்துவிடு. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். "அவன் உட்காரவே மாட்டானே" என்றாள். மூன்று நாள் பொறுத்துக்கொள் என்றேன்.

இனி எனக்கு ஒரு உதவி வேண்டும். அடுத்து மார்க் ட்வெயினின் 'ஹக்கில்பெரி ஃபின்'. அதில் பல வட்டார வழக்குகளைப் பயன்படுத்தியிருப்பதாக ட்வெயின் முன்குறிப்பிலேயே சொல்லிவிடுகிறார். தப்பி ஓடுகிற அடிமை ஜிம்மின் பேச்சைத் தமிழில் எப்படிச் சொல்வது? எங்கள் மதுரைப் பக்கத்துப் பேச்சு ஒன்றை எடுத்து அவன் வாயில் வைத்தால், அதைப் பேசுகிறவர்களை நான் அடிமையாக்கிக் காட்டுகிற மாதிரி ஆகிவிடுகிறது. எல்லோரையும் ஒரே தமிழில் பேசவைத்தால் கதை சொல்கிற பையன் ஹக் ஹக்காக இல்லை, ஜிம் ஜிம்மாக இல்லை. முதல் ஐந்து அத்தியாயத்தை எனக்கு நானே சொல்லிப் பார்த்து நான்கு ராத்திரி போய்விட்டது. யாராவது இதை வீட்டில் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லியிருந்தால், ஜிம்மை எந்தத் தமிழில் பேசவைத்தீர்கள் என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமை ஆரம்பிப்பதாக அவனிடம் சொல்லியிருக்கிறேன்.